மணலியில் பார்த்த வீடு

இன்று காலை மணலி பக்கம் வீடு பார்க்கப் போயிருந்தேன். தெருமுனைக் காலி மனையில் யாரோ செம்பு எடுப்பதற்காகப் பழைய வயர்களைக் குவித்துக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் நடுத்தெருவிலேயே நின்றுவிட்டேன். எதிர்க்கரை ஊர்க்காரர்கள் நம் வலைகளை மண்ணெண்ணெய் ஊற்றி எரித்த அன்றும் இதே நாற்றம்தான். "இது டெய்லி கிடையாதும்மா" என்றார் புரோக்கர், மூக்கைப் பொத்திக்கொண்டே.

நீ இருந்தபோதும் நாம் இப்படித்தான் அலைந்தோம். ஏரியில் சண்டை முற்றியதும், பொண்ணைக் கூட்டிக்கொண்டு பட்டணத்துக்குப் போய்விடலாம் என்று உன்னை நச்சரித்தேன். முதல் நாள் ஒரு நல்ல ஏரியாவில் விலை கேட்டுவிட்டு வந்து பஸ்ஸில் உட்கார்ந்தாய். "போட்டு, இன்ஜினு, கூட உன்னியும் சேத்து வித்தா ஒரு கக்கூஸ் வரும்மே!" என்றாய். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. உன் தொடையில் கிள்ளினேன்.

அப்புறம் விலை குறைந்த தெருக்களாகப் பார்த்தோம். குழாய், பத்திரம், பாத்ரூம் எதையும் விசாரிக்காமல் நீ புரோக்கரிடம் கேட்ட முதல் கேள்வி, "இங்க பாடு யாருது?" நம் ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் எந்த ஊர் வலை போடலாம் என்று ஒரு முறை உண்டு. அதுதான் பாடு. அடுத்தவன் பாட்டில் வலை போட்டால் மண்டை உடையும். பட்டணத்துத் தெருவுக்கும் அப்படி ஒன்று இருக்கும் என்றே நீ நினைத்தாய். அந்த ஆள் திருதிருவென்று முழித்துவிட்டு, "ஒரு பாடும் படவேணாம் சார், நிம்மதியான ஏரியா" என்றான். "பாத்தியாமே, மொறையே இல்லாத ஊராம். இங்க எப்டி பொழைக்கிறது?" என்றாய். வீடு வந்து சேரும்வரை சிரித்தோம்.

முறை இருந்த ஊரில்தான் உன்னைக் கொன்றார்கள். நம்முடைய பாடு வந்த நாளில் அவர்கள் படகுகள் வந்து நின்றன. கரையில் வலைகள் எரிந்துகொண்டிருக்க, நீ துடுப்போடு ஏரியில் இறங்கினாய். நான் சேற்றில் விழுந்து எழுந்து வருவதற்குள் உன் தோளில் வெட்டு விழுந்திருந்தது. உன்னைக் குப்புறத் தள்ளி ஒருவன் முதுகில் ஏறி உட்கார்ந்தான். அவன் முடியைப் பிடித்து இழுத்தேன். காதைக் கடித்தேன், என் வாயெல்லாம் அவன் ரத்தம். அப்போதும் அவன் எழுந்திருக்கவில்லை.

இப்போது நானும் பொண்ணும் ஆரம்பாக்கத்தில் அக்கா வீட்டில் ஒண்டிக் கிடக்கிறோம். மாமா முகம் கொடுத்துப் பேசுவது குறைந்துவிட்டது. அதனால்தான் இந்த அவசரம். மணலி வீடு நம் கைக்கு எட்டுகிற விலை. பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருந்தது. புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். வாசலில் நின்று அட்வான்ஸ் கொடுக்கப் பையைத் திறந்தபோது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. வெளியே வந்தவனுக்கு ஒரு காது பாதிதான் இருந்தது.

ஜாமீனில் வந்து, நம் ஆட்களுக்குப் பயந்து ஏரியை விட்டே ஓடியவன். அவனுக்கும் நமக்கும் கட்டுப்படியாகிற தெரு ஒன்றுதான் போலிருக்கிறது!

கீழே கிடந்த செங்கல்லை எடுத்து வீசினேன். நெற்றியில் பட்டது. அவன் கையைத் தூக்கி மறைக்கக்கூட இல்லை.

"இந்த வூடு வாணாம்க்கா" என்றான். "மழ பேஞ்சா உள்ள தண்ணி பூந்துடும்."

"எவ்ளோடா தண்ணி?"

"முட்டி வரைக்கும்."

"முட்டித் தண்ணிலதாண்டா என் புருசன அமுக்கி சாவடிச்ச!"

அவன் தலை குனிந்தான். ரத்தம் சட்டையில் சொட்டியது. திரும்பிப் புரோக்கரைப் பார்த்தேன். அவர் செல்போனில் எதையோ தேடினார். உள்ளே போய்ச் சுவரை நகத்தால் சுரண்டினேன். பெயின்ட் செதில் செதிலாக வந்தது, அடியில் தண்ணீர் நின்ற கறை. பையை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

உன்னைக் கொன்றவன் சொன்னது உண்மை. நம் பொண்ணு தண்ணீரில் கிடக்கக் கூடாது என்று அவன் பேச்சைக் கேட்டேன். அதற்காக அவனை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே ஆத்திரம், இன்னொரு கல் வீசாமல் வந்துவிட்டேனே என்று.