சாந்தி அக்கா வீட்டு ரசம்

செவ்வாய், இரவு.

முசரவாக்கத்தில் மாட்டுச் சாணத்திலிருந்து எடுக்கும் கேஸ், நாடு முழுக்க ஓடி எங்கள் தெரு அடுப்புகள்வரை வரும் கேஸ் குழாயில் இன்று முதல் கலக்கும் என்று வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்த கேஸ் கம்பெனி ஃபிட்டர் நான்தான். காலையில் வால்வுக்குப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, அதிகாரிகள் போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். வால்வைத்தான் திறக்கவில்லை. கேஸில் ஈரம் அதிகம் என்று மீட்டர் காட்டிவிட்டது. "நாளைக்குத் திறந்துக்கலாம், வெளியே மூச்சு விடாதே" என்றார் மேனேஜர்.

மதியமே முதல் புகார் வந்துவிட்டது, அதுவும் என் தெருவிலிருந்து. பட்டுச் சேலைக்குக் குஞ்சம் கட்டும் சாந்தி அக்கா. அவர் வீட்டுக்கு ஓடினேன்.

"இன்னாபா இது, ரசத்துல சாணி நாத்தம் அடிக்குது! எங்க வூட்டுக்காரரு தட்டைத் தள்ளி வச்சிட்டுப் பூட்டாரு. எனக்குப் பழைய சிலிண்டரே போதும்பா."

ஒரு வீடு சிலிண்டருக்குத் திரும்பினால் தெருவே திரும்பிவிடும். சாண கேஸ் இன்னும் வரவேயில்லை என்றும் சொல்ல முடியாது. ஸ்பேனரை எடுத்தேன். அடுப்புக்குக் கீழே இருந்த நட்டை அரைச் சுற்று இடப்பக்கம், அரைச் சுற்று வலப்பக்கம் திருப்பினேன். அடுப்பைப் பற்ற வைத்தேன்.

அக்கா குனிந்து மோந்து பார்த்தார். "ஆங், இப்ப சரியாயிடுச்சு. நாளைக்கும் இப்படியே வுடு."

நாளைக்குத்தான் நிஜமாகவே விடப்போகிறோம்.

தூக்கம் வராததற்குக் காரணம் அதுகூட இல்லை. நான் ஸ்பேனரை எடுக்கும் முன்பு அக்கா ஒரு கரண்டி ரசத்தை என் மூக்கருகே நீட்டினார். திறக்காத வால்வின் பூட்டுச் சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. இருந்தும் சாணி நாற்றம் லேசாக அடித்தது.