சுவரைப் பார்த்து நிற்கிற அந்தோணியார்

பிலோமி,

நீ பூசைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து எழுதுகிறேன். உன் தம்பி இன்னாசியோடு கடலுக்குப் போகிறேன். நாளைக் காலையில் வந்துவிடுவேன். பழைய சோற்றை எடுத்துக்கொண்டேன். பொரித்த கருவாடு முழுவதையும்தான், திட்டாதே. கேஸ்காரர் வந்தால் சிலிண்டரை வாங்கி வை.

படகு கவிழ்ந்ததிலிருந்து நாற்பது நாளாக வீட்டுக்குள்ளேயே பதுங்கிக் கிடந்தேன். நீயோ, "இந்த மனுசன் கடலுக்குப் போற வரைக்கும் நீரு செவத்தையே பாத்துக்கிட்டு நில்லும்" என்று அந்தோணியார் சுரூபத்தைத் திருப்பி வைத்துவிட்டாய். பயந்தது நான், தண்டனை அவருக்கு. கையில் குழந்தையை வைத்துக்கொண்டு பத்து நாளாக நிற்கிறார், ஒரு முணுமுணுப்பு இல்லை. உன்னையே பொறுத்துக்கொள்கிறவர் நடுக்கடலில் என்னையா கைவிடப் போகிறார்? அந்த நம்பிக்கையில்தான் கிளம்புகிறேன்.

நீ வந்ததும் அவரைத் திருப்பி வைத்துவிடு, பாவம்.

வில்பிரட்

பி.கு.: வேண்டாம், இப்போது திருப்பாதே. வேலை முடிந்ததென்று தூங்கிவிடுவார். நான் கரையேறி வந்து என் கையாலேயே திருப்புகிறேன்.