வாடைக்கு முதுகு கொடுத்த நூலகம்

என் அண்ணாவைக் கட்டி, என் கந்தோரில் பாதியையும் பிடித்துக்கொண்ட அருமை மச்சாள் சுகந்திக்கு,

உம்முடைய ஆண்டுத் திவசம் வருகிறது. அண்ணா நினைவுமலர் அடிக்கிறார். "வதனி, நீயும் ஒரு பக்கம் எழுதித் தா. நல்லதா எழுது, என்ன?" என்று கீழ்வீட்டிலிருந்து போனில் சொன்னவர், வைத்துவிட்டுத் திரும்பவும் எடுத்து, "நல்லதா" என்றார். தங்கச்சியைப் பற்றி அவருக்குத் தெரியும்தானே.

மற்றவர்கள் எழுதியதையும் அனுப்பியிருந்தார், வாசித்தேன். அமைதியானவர், அதிர்ந்து பேசாதவர், புன்னகை மாறாதவர் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். யாரைச் சொல்கிறார்கள், மச்சாள்? கொட்டாஞ்சேனையில் யாருக்கோ அந்த ஒடுக்கமான வீட்டைக் கட்டும்போது, வெளிச்சத்துக்கென்று நீர் ஒதுக்கிய நடுமுற்றத்தை மூடித் தகரம் போட்ட மேசனோடு சத்தம் போட்டு, பக்கத்து வீட்டுக்காரர் யன்னலைச் சாத்தும்படி பண்ணினாரே ஒருவர், அவரையா?

எனக்கு அப்படி எழுத வராது. நீர் போன பிறகு மலையில் என்ன நடந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன். அதை உமக்குச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை.

பக்கத்தில் நின்று கேட்கிறவர்களுக்காக ஒன்று. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கையொன்றில், சைவக்கடைக்கு மேலே எங்கள் கந்தோர். இவர் கட்டடக் கலைஞர், நான் பொறியியலாளர். இவர் வரைபடம் கீறுவார். கீறியது விழாமல் நிற்கப் பண்ணுவது என் வேலை. இவரும் அண்ணாவும் கீழே, நான் மேலே என்று ஒரே வீட்டில் இருந்ததால், கந்தோரில் தொடங்கிய வாக்குவாதம் இரவுச் சாப்பாட்டு மேசையில்தான் முடியும். அண்ணா நடுவில் இருந்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

ஊவாப் பக்கத்து மலைச்சரிவில் ஒரு கல்லூரி கட்டவேண்டும் என்று வந்தார்கள். மலையை வெட்டித் தட்டையாக்கிப் பெட்டி பெட்டியாக வைத்திருந்தால் எனக்கு வேலை சுகம். நீர் விட்டால்தானே. "மலை எங்களுக்கு முதலே வந்திட்டுது வதனி. நாங்கள்தான் ஒதுங்கி இருக்கவேணும்," என்றீர். வெள்ளைத்தாளில் முதலில் மழைத்தண்ணீர் இறங்குகிற வழிகளைக் கீறினீர். பிறகு மரங்களைக் கீறினீர். மிஞ்சிய இடத்தில், சரிவோடு சரிவாகப் படிபடியாக வகுப்பறைகள் வந்தன. வாகனங்களை எங்கே விடுவது என்று கல்லூரிப் பணிப்பாளர் கேட்டார். "கீழ விட்டிட்டு நடந்து வாங்கோ சேர், நெஞ்சுக்கு நல்லது," என்றீர். அந்த மனிதர் உம்மை அன்றைக்கே துரத்தியிருக்க வேண்டும். ஏனோ சிரித்தார்.

பகலில் விளக்கு எரியக்கூடாது, குளிரூட்டி என்ற பேச்சே எடுக்கக்கூடாது என்பது உம்முடைய பிடிவாதம். கட்டடம் தானாக மூச்சுவிட வேண்டும் என்பீர். அதற்காக வகுப்பறைகளின் ஒரு பக்கம் முழுக்க நீளமான திறந்த விறாந்தை. காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பார்க்க, ஊதுபத்திக் கட்டோடு மலையேறுவீர். மூலைக்கு மூலை கொளுத்திக் குத்திவிட்டு, புகை போகிற திசையைப் பார்த்தபடி புல்லில் இருப்பீர். தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டுப் போன பெண்கள் ஏதோ பூசை நடக்கிறது என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்களே, நினைவிருக்கிறதா?

இனித்தான் விஷயம், மச்சாள். நாங்கள் அந்த மலைக்கு எப்பொழுதெல்லாம் போனோம் என்று யோசித்துப் பாரும். சித்திரையில் போனோம், ஆவணியில் போனோம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை, கொழும்பார் எல்லோரும் மலைக்குக் கிளம்புகிற காலம். மார்கழியில் ஒருநாளாவது போனோமா? எப்படிப் போவது? மார்கழி என்றால் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சனம் வந்து இறங்கிவிடும். உம்முடைய அறையில் ஒரு குடும்பம், என்னுடைய அறையில் ஒரு குடும்பம். கலியாணம், சாமத்தியவீடு, சேலைக்கடை என்று மண்டபம் மண்டபமாக ஓட்டம். பொங்கல் முடிந்து அவர்களைக் கட்டுநாயக்காவில் பிளேன் ஏற்றிவிட்ட பிறகுதான் எங்களுக்கு மூச்சு வரும்.

அந்தச் சரிவில் மழையும் குளிரும் அடிப்பது அந்த மாதங்களில்தான். வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று நேரே வந்து மோதுகிற சரிவு அது. நாங்கள் ஊதுபத்திப் புகையில் பார்த்ததெல்லாம் தென்மேற்கால் வருகிற சோளகத்தை. மேற்கு வெயில் படாது, காற்று பின்னால் வந்து முன்னால் போகும் என்று கணக்குப் பார்த்து, விறாந்தையை வடகிழக்கே திறந்து வைத்துவிட்டீர். வெள்ளவத்தைக்காரருக்குக் காற்று என்றால் கடற்காற்று. வந்தால் கதவைத் திறந்துவிட வேண்டும், அவ்வளவுதான் தெரியும்.

முதற்கட்டம் சித்திரையில் திறந்தது. வந்தவர்கள் எல்லோரும் விறாந்தையில் நின்று படம் எடுத்தார்கள். ஆவணியில் உமக்கு வருத்தம் என்று தெரியவந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி நூலகத்தையும் கீறி முடித்தீர். அதே திசை, அதே விறாந்தை. கார்த்திகை பிறந்த கையோடு போய்விட்டீர். ஒரு மழைக்காலம் பொறுத்திருந்தால் உம்முடைய கண்ணாலேயே பார்த்திருப்பீர். இப்படியும் ஒரு அவசரமா? எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை புவனா போன் எடுத்தார். கல்லூரியில் நூலகப் பொறுப்பாக இருக்கிறாரே, அந்தப் பிள்ளைதான். நூலகம் கட்டும்வரை ஒரு வகுப்பறையில் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தார்.

"மேடம், கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்க. புத்தகமெல்லாம் பூஞ்சணம் புடிச்சிருச்சுங்க. நான் யாருகிட்ட சொல்றதுன்னே தெரியல."

தனியாகத்தான் போனேன். விறாந்தை முழுக்க ஈரம். மூடுபனி வீட்டுக்கு வந்த ஆளைப் போல உள்ளே நடமாடிக்கொண்டிருந்தது. சாரல் மேசைவரை அடித்தது. ஒரு மாணவி மர வாங்கில் இருந்து, ஒரு கையால் குடையை விரித்துப் பிடித்தபடி பாடம் படித்துக்கொண்டிருந்தாள். நீர் போட்ட கூரைக்குக் கீழே குடை, மச்சாள்! எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

பணிப்பாளர் மரியாதையான ஆள். தேத்தண்ணீர் தந்துவிட்டுத்தான் சொன்னார். விறாந்தையை அலுமினியமும் கண்ணாடியும் போட்டு அடைக்கப் போகிறார்களாம். நூலகத்துக்கு உம்முடைய வரைபடம் வேண்டாமாம். சரிவை வெட்டித் தட்டையாக்கி, நாலு பக்கமும் மூடிய கண்ணாடிக் கட்டடம், உள்ளே காற்றுக்கு மெஷின். தை மாதக் கூட்டத்தில் முடிவாகிவிடும் என்றார். "சுகந்தி மேடத்தில் எனக்கு மரியாதை குறையவில்லை, மிஸ். ஆனால் பிள்ளைகள் நனைகிறார்கள்."

பிள்ளைகள் நனைந்தது உண்மைதான். ஆனால் அந்தக் கண்ணாடிப் பெட்டி வந்தால் மரங்கள் போய்விடும், தண்ணீரின் வழி அடைபட்டுவிடும். அந்த மலையில் நீர் நினைத்தது ஒன்றும் மிஞ்சாது.

ரயிலில் திரும்பி வரும் வழியெல்லாம் உம்மை ஏசிக்கொண்டு வந்தேன். மலையை வெட்டாமல் விட்டது பிழையா? காற்றைக் கேட்டுக் கட்டுவது பிழையா? இல்லையே. காற்றை அரை வருடம்தானே கேட்டோம். மற்ற அரை வருடத்தை யாரும் கேட்கவில்லை. கொழும்புக் கோட்டையில் இறங்கும்போது எனக்கு வழி தெரிந்துவிட்டது.

நூலகத்தை அப்படியே திருப்பினேன். வாடை வருகிற பக்கம் தடித்த கருங்கல் சுவர், உள்ளே அதற்கு முன்னால் சிறு இடைவெளி விட்டுப் புத்தக அலுமாரிகள். வாசிக்கிற விறாந்தை மறுபக்கம், சோளகத்தைப் பார்த்தபடி, மேற்கு வெயிலுக்குக் கூரையை நன்றாக இறக்கி. பழைய கட்டடத்துக்குக் கண்ணாடி வேண்டாம். மடித்துத் திறக்கிற மரக்கதவுகள் போதும். மழைக்குப் பிள்ளைகளே சாத்துவார்கள், வெயிலுக்கு அவர்களே திறப்பார்கள். ஒரு மரத்தையும் தொடவில்லை. தண்ணீரின் வழியில் கை வைக்கவில்லை.

பிரச்சினை மலையில் இல்லை, வீட்டில் இருந்தது. கந்தோரில் உம்முடைய பங்கு இப்போது அண்ணாவுடையது. உம்முடைய வரைபடத்தை மாற்ற அவர் கையெழுத்து வைக்கவேண்டும். அவரோ அந்தச் சுருளை உம்முடைய நீலப் பருத்திச் சேலையில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்திருந்தார். புதுக்கடை நீதிமன்றத்தில் எத்தனை பேரைக் குறுக்கு விசாரணை செய்த மனிதர், நான் வாய் திறந்ததும் சின்னப்பிள்ளை மாதிரி எழும்பிவிட்டார்.

"அவள் கீறினதில ஒரு கோடும் மாத்தக்கூடாது."

"அண்ணா, அதில பிழை இருக்கு."

"செத்தவளில பிழை பிடிக்கிறியா நீ? வெக்கமா இல்லை?"

"அவ உயிரோட இருக்கேக்கயும் பிடிச்சனான்தானே!"

கதவு அடித்துச் சாத்தப்பட்டது. பிறகு கதை பேச்சில்லை. பொங்கலன்று ஒரு சட்டியில் பொங்கல் மட்டும் மேலே வந்தது, ஆள் வரவில்லை. நானும் வைராக்கியத்தோடு அதைச் சாப்பிட்டேன். மறுநாள் போய், "கையெழுத்து வைக்க வேண்டாம். கூட்டத்துக்கு மட்டும் என்னோட வாங்கோ," என்றேன். வந்தார்.

பணிப்பாளரின் அறையில் கதவைப் பூட்டி, ஹீற்றர் போட்டு, தேத்தண்ணீரும் பிஸ்கற்றும் வைத்திருந்தார்கள். "சேர், கூட்டத்தை விறாந்தையில வைப்பம்," என்றேன். எல்லோரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். "ஹரி, மிஸ்," என்று சிங்களத்தில் சரி சொல்லிப் பணிப்பாளர் எழுந்து தன்னுடைய கதிரையைத் தானே தூக்கினார்.

வாடை வாங்கு வாங்கென்று வாங்கியது. தாள்கள் தோய்ந்துவிட்டன. அண்ணா கண்ணாடியைத் துடைப்பதும் மாட்டுவதும் திரும்பத் துடைப்பதுமாக இருந்தார். நான் ஆங்கிலத்தில்தான் தொடங்கினேன். உணர்ச்சி வந்ததும் தமிழுக்குத் தாவிவிட்டேன், புவனா பக்கத்தில் நின்று சிங்களத்தில் சொல்லிக்கொடுத்தார்.

"இந்த விறாந்தையில பிழை இருக்கு. பிழை விட்டது என்ர மச்சாள். அவ திசையை மாறிப் பிடிச்சிட்டா. ஆனா அவ இந்த மலையை வெட்டாமல் விட்டதில பிழை இல்லை. கீழ போய்ப் பாருங்கோ, இவ்வளவு மழைக்கும் ஒரு பிடி மண் சரிஞ்சு விழேல்லை. திசையைத் திருத்துங்கோ. மலையில கை வைக்காதேங்கோ."

புதிய வரைபடத்தை விரித்தேன். கமிட்டியில் ஒருவர், "இது யாருடைய வரைபடம்? நாங்கள் சுகந்தி மேடத்திடம்தானே வேலையைக் கொடுத்தோம்?" என்றார். நியாயமான கேள்வி. பணிப்பாளர் அண்ணாவைப் பார்த்து, "நீங்கள் சம்மதிக்கிறீர்களா?" என்று கேட்டார். எனக்கு அண்ணாவின் முகத்தைப் பார்க்கப் பயம். நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணா எழுந்து விறாந்தையின் விளிம்புக்குப் போனார். சாரல் சட்டையை நனைத்தது. அவர் விலகவில்லை.

"சுகந்தி இதைக் கண்டிருந்தா முதல் தன்னைத்தான் ஏசியிருப்பா," என்றார். "பிறகு எங்களை ஏசியிருப்பா. பிறகு ஒருத்தரோடயும் கதையாமல் இருந்து புதுசாக் கீறியிருப்பா. தங்கச்சி சொல்லுறது சரி. நான் கையெழுத்து வைக்கிறன்."

அந்தக் குரல் புதுக்கடையில் ஒருநாளும் கேட்டிராத குரல்.

உடனே யாரும் கைதட்டவில்லை. இழுபறிப்பட்டார்கள். கடைசியில், பழைய கட்டடத்துக்கு மரக்கதவு போடுங்கள், ஒரு வாடைக்காலம் பார்ப்போம், அதுவரை கண்ணாடி இல்லை என்றார்கள். நூலகத்துக்கு அத்திவாரம் வெட்டலாம் என்றும் சொன்னார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு ஓம் என்றேன். எனக்கு எப்போது வாயை மூட வேண்டும் என்று தெரியாது என்பீரே, பார்த்தீரா?

இப்போது கருங்கல் சுவர் யன்னல் உயரத்துக்கு வந்துவிட்டது. இந்த வருடத்து வாடையும் தொடங்கிவிட்டது. போன கிழமை புவனா போன் எடுத்தார். "மேடம், வெளிய கொட்டோ கொட்டுன்னு கொட்டுதுங்க. கதவ எல்லாம் சாத்திட்டோம். உள்ள காஞ்சு கெடக்கு. புள்ளைங்க படிச்சிக்கிட்டு இருக்காங்க." நான் அண்ணாவுக்குக் கேட்கட்டும் என்று போனைச் சத்தமாக வைத்தேன். அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கட்டுமானத்துக்கு அனுப்புகிற வரைபடத்தின் மூலையில் பெயர் போடுகிற கட்டம் இருக்கிறதே, அதில் இனி என் பெயரை மட்டும் போடச் சொன்னார் அண்ணா. பிழை என்ற கதை உம்முடைய பெயரோடு ஒட்டிக்கொள்ளக் கூடாதாம். பாவம், அவருக்கு உம்மில் அவ்வளவு அன்பு. நான் கேட்கவில்லை. வடிவமைப்பு: சுகந்தி. திருத்தம்: வதனி. அப்படித்தான் போயிருக்கிறது. அந்த மலையை விட்டுவைத்தது நீர். நான் ஒரு சுவரைத்தான் திருப்பினேன்.

உமக்கு ஒரு வாக்குத் தருகிறேன், மச்சாள். சுவரில் படமாக மாட்டி மாலை போட்டுவிட்டு உம்மை மறந்துபோக நான் விடமாட்டேன். இனிக் கீறுகிற ஒவ்வொன்றிலும் உம்மைக் கூப்பிட்டு இருத்தி, "இது சரிவருமா?" என்று கேட்பேன். நீர் சொல்லப் போகிற பதில் எனக்குத் தெரியும். அதற்கு நான் இல்லை என்பேன். நீர் திரும்பவும் சொல்வீர். நான் உயிரோடு இருக்கும்வரை அந்த வாக்குவாதம் முடியாது.

இப்படிக்கு,
உம்மில் பிழை பிடிக்க உரிமையுள்ள ஒரே மச்சாள்,
வதனி
வெள்ளவத்தை