கயிற்றுக்கு இந்தப் பக்கம்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறியிருப்பாய். ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடி, இப்போது இறங்கியிருக்கிறது. அத்தை முழங்கால் வலிக்கு நான்காவது டாக்டரைப் பார்த்துவிட்டு, முதல் டாக்டரே தேவலை என்கிறாள்.

அப்பாவுக்கு நீ எழுதிய கடிதத்தைப் படித்தேன். கூட வேலை செய்கிறவர்கள் அவரைப் பற்றிக் கேட்கிறார்கள் என்றும், அவரிடம் கேட்டால் "இருபத்திரண்டு வருஷம் பட்டாளம், அஞ்சு வருஷம் சட்டமன்றம், அவ்வளவுதான்" என்று போனை வைத்துவிடுகிறார் என்றும் குறைப்பட்டிருந்தாய். அவர் வாயிலிருந்து வார்த்தை பிடுங்குவது கல்லில் நார் உரிப்பது மாதிரிதான். நான் சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்.

பட்டாளத்தில் கண்ணிவெடி எடுக்கும் வேலையை முடித்து அவர் வீடு திரும்பியபோது உனக்குப் பதின்மூன்று வயது. இடது காது கேட்காமல் போயிருந்தது. இனி ஓய்வாக இருப்பார் என்று நினைத்தேன். முதல் வாரமே, பட்டாளத்தில் அவரோடு இருந்து இறந்துபோனவரின் மனைவி ஓய்வூதியத் தாளோடு வந்து நின்றாள். ஒரு கையெழுத்துக்காக மூன்று வருஷம் அலைந்திருக்கிறாள். அப்பா அவளோடு அந்த அலுவலகத்துக்குப் போய், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. நாலு நாள் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் கையெழுத்து விழுந்தது. அப்புறம் ஊர்க்காரர்களின் மனுவெல்லாம் நம் சாப்பாட்டு மேசைக்கு வர ஆரம்பித்தது. எதிர் வரிசை முடிதிருத்துகிறவர்தான், "இதையே சட்டமன்றத்துல போய்ச் செய்யுங்களேன், எங்களுக்கும் நடை மிச்சம்" என்று ஆரம்பித்துவைத்தார். நீ பள்ளிக்கூடம் முடித்த வருஷம் ஒரு கட்சி வாய்ப்புக் கொடுத்தது, ஜெயித்தார். முதல் மூன்று வருஷத்தில் சபையில் நாலே தடவைதான் பேசினார். பத்திரிகையில் 'மௌனச்சாமி' என்று போட்டார்கள். அதை வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியது நான்தான்.

நீ பயிற்சிக்குப் போன பிறகு நடந்ததை அரைகுறையாகத்தான் கேட்டிருப்பாய். ஊருக்கு வெளியே பட்டாளத்துக்காரர்கள் பீரங்கி சுட்டுப் பழகிய பழைய மைதானம் இருக்கிறதல்லவா, அங்கே ஆற்றோரக் குடிசைக்காரர்கள் எண்ணூறு குடும்பத்துக்கு வீடு கட்டித் தர அப்பாவின் கட்சியே மசோதா கொண்டுவந்தது. பதினைந்து வருஷமாக அவர்கள் காத்திருந்த வீடு. அவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்பாவுக்கு ஓட்டுப் போட்டவர்கள். கட்சிக் கூட்டத்தில் அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்: வெடிக்காத குண்டு கிடக்கிறதா என்று அந்த மண்ணை யார் சோதித்தது, எவ்வளவு ஆழத்துக்கு? கூட்டத்தை அத்தோடு முடித்துவிட்டார்கள். மறுநாள் தலைவர் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த மாதம் மந்திரிசபையில் ஓர் இடம் காலியாகிறது, தேர்தல் முடிந்ததும் தோண்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னாராம். இதை அப்பா காலைச் சாப்பாட்டின்போது, தண்ணீர் கேட்பது மாதிரி சொன்னார். "மந்திரி ஆக்குறாங்களாம். வேண்டாம்னுட்டேன்." கொஞ்சம் யோசித்திருக்கலாமே என்றேன். "சின்னப் பிள்ளைங்க மண்ணைத் தோண்டி விளையாடும்ல" என்று சொல்லிவிட்டுத் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

சபையில் பதினோரு நிமிஷம் பேசினார். "என் மனைவியையும் மகளையும் குடிவைக்க மாட்டாத மண்ணில் இன்னொருவர் குடும்பத்தை வைக்க என் கை உயராது" என்று சொல்லி, சொந்தக் கட்சியின் மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போட்டார். அவர் பேச்சைக் கேட்டு இன்னும் ஒன்பது பேர் அவர் பக்கம் வர, மசோதா நின்றது. மண்ணைச் சோதிக்க உத்தரவு வந்தது.

மறுநாள் நம் வாசலில் ஆற்றோரமே திரண்டு நின்றது. மீன் விற்கிற அக்கா, நமக்குச் செதில் எடுத்துக் கொடுப்பாளே, அவள்தான் முன்னால். "உனக்கு மாடி வீடு இருக்கு. எங்களுக்கு ஒரு கூரை வந்தா கண்ணு உறுத்துதா" என்று கேட்டாள். அப்பா கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போனார். "என்னைத் திட்டுங்க. ஆனா சோதிக்கறவங்க வரும்போது எல்லாரும் மைதானத்துக்கு வாங்க. நான் சொன்னது பொய்யின்னா நானே ராஜினாமா எழுதித் தர்றேன்" என்றார்.

சோதிக்கிறவர்கள் வந்த அன்று நானும் போனேன். தூரத்தில் கயிறு கட்டி எங்களை இந்தப் பக்கம் நிறுத்தியிருந்தார்கள். இரண்டு நாள் ஒன்றும் கிடைக்கவில்லை; கூட்டத்தில் கேலிப் பேச்சு கிளம்பியது. அப்பா வெயிலில் நின்றபடியே இருந்தார். மூன்றாம் நாள், வரைபடத்தில் குழந்தைகள் காப்பகம் என்று குறித்திருந்த இடத்தில், குப்புறப் படுத்து மண்ணைக் கையால் ஒதுக்கிக்கொண்டிருந்த பெண் மெல்லக் கையைத் தூக்கினாள். முழங்கால் ஆழத்தில் ஒரு குண்டு. மீன்கார அக்கா என் கையைப் பிடித்தாள். வளையல் அழுந்திய தடம் சாயங்காலம் வரை இருந்தது. எல்லாம் முடியும்போது முப்பத்தேழு எடுத்திருந்தார்கள்.

அது நடந்து பதினோரு மாதம் ஆயிற்று. திருத்திய மசோதாவுக்கு எல்லாக் கட்சியும் கை தூக்கியது. போன வாரம் முதல் நூறு குடும்பம் குடிபோய்விட்டது. கட்சி இந்தத் தடவை அப்பாவுக்கு வாய்ப்புத் தரவில்லை, தனியாக நிற்கிறார். ஜெயிப்பாரா என்று கேட்காதே, ஜெயிப்பார். மீன்கார அக்கா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே தெருத்தெருவாக ஓட்டுக் கேட்கிறாள். அவள் தொண்டைக்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

இதையெல்லாம் எழுத உட்கார்ந்தது அப்பாவுக்காக மட்டும் இல்லை. அன்று குண்டைக் கண்டு கை தூக்கிய அந்தப் பெண் எழுந்து வந்து, சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே தண்ணீர் கேட்டாள். நான்தான் கொடுத்தேன். உன் வயதுதான், நீ செய்கிற அதே வேலை. இந்த வேலைக்கு உங்க அம்மா என்ன சொன்னாங்க என்று கேட்டேன். "அவங்க என்கிட்ட பேசறதில்லைம்மா" என்று சிரித்துவிட்டு, சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி அந்த இடத்துக்கே போனாள். எனக்கு அதன் பிறகு அங்கே நிற்க முடியவில்லை.

நீ பயிற்சிக்குக் கிளம்பிய காலையில் நான் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தேன். நீ கதவுக்கு வெளியே ரொம்ப நேரம் நின்றாய் என்று அப்பா பிற்பாடு சொன்னார். அவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. உன் மூச்சு எனக்குக் கேட்டது.

அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இன்றைக்கு எழுதுகிறேன். பார்த்துப் போய் வா, கண்ணு. நல்லபடியாகப் போய் வா.

உன் பதிலுக்குத் தபால்காரரைப் பார்த்திருக்கும்,
அம்மா