வான்கோழிக்கு ஆதரவாக மூன்று காரணங்கள்

நவம்பர் 8, 2010, திங்கள்

விடுமுறை என்று பெயர். காலை எட்டு மணிக்கெல்லாம் மாணவியாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பத்தொன்பது வருஷம் பிரெஞ்சில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். இனி ருவாண்டாவில் ஆங்கிலத்தில்தான் பாடம் என்றாகிவிட்டது. நாற்பத்தேழு வயதில் மறுபடி அரிச்சுவடி. சொல்லித்தர உகாண்டாவிலிருந்து வந்திருக்கும் வாண்டேரா மாஸ்டருக்கு முப்பதுகூட இருக்காது.

டிசம்பர் முதல் வாரத்துக்குள் ஆங்கிலத்தில் ஒரு கருத்துக் கட்டுரை எழுதி அவரிடம் தேற வேண்டும். படிப்பவர் நம் பக்கம் சாய்ந்துவிட வேண்டுமாம். தேறாவிட்டால் ஆறாம் வகுப்புக் கணக்கு என் கையை விட்டுப் போய்விடும். தலைமையாசிரியை சிஸ்டர் டொமிட்டில்லா அன்பாகத்தான் சொன்னார்: "கவலப்படாதீங்க கோடான்ஸ். லைப்ரரில ஆள் இல்லாமதான் இருக்கு." அங்கே ஆள் மட்டுமா இல்லை? புத்தகமும் இல்லை.

என் முன்னேற்றத்தைக் காட்ட, தினமும் தேவாலயத்தில் 'ப்ரே' பண்ணுகிறோம் என்று சொல்லப் போய் 'ப்ளே' பண்ணுகிறோம் என்றேன். நம் ருவாண்டா நாக்குக்கு ரகரமும் லகரமும் ஒன்றுதானே. சிஸ்டர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

நவம்பர் 9

வான்கோழி இன்றும் துரத்தியது.

நவம்பர் 11, வியாழன்

ஆசிரியர் குடியிருப்பில் பக்கத்து வீடு கலிஸ்த். புவியியல் வாத்தியார். அவருடைய வான்கோழிக்குக் கர்னல் என்று பெயர் வைத்திருக்கிறார். பொதுக் குழாய்க்குப் போகிற பாதையில்தான் அதன் ராஜ்ஜியம். ஊரில் யாரையும் ஒன்றும் செய்வதில்லை. என்னைக் கண்டால் மட்டும் கழுத்தை நீட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்து முழங்காலின் பின்பக்கம் பார்த்துக் கொத்துகிறது. போன மாதமே சிஸ்டரிடம் எழுத்தில் புகார் கொடுத்தாயிற்று. விசாரணை டிசம்பர் 11.

கலிஸ்த் சொல்கிறார்: "அதுக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு டீச்சர், அதான்." எனக்குப் பிடித்தவர்களை நான் முழங்காலில் கொத்துகிறேனா?

நவம்பர் 15, திங்கள்

கட்டுரைக்குத் தலைப்பு தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. 'வான்கோழி எங்கள் குடியிருப்பை விட்டு வெளியேற வேண்டும்.' ஒரே மூச்சில் இரண்டு பக்கம். வாண்டேரா மாஸ்டர் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"டீச்சர், துருக்கி நாட்டு மேல உங்களுக்கு என்ன கோபம்?"

வான்கோழிக்கும் துருக்கிக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாம். முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டால் நாடு, சின்னதாகப் போட்டால் கோழி. நான் எல்லா இடத்திலும் பெரிதாகவே போட்டிருந்தேன், மரியாதைக்காக. ஒரு தேசம் முழுவதும் என் முட்டைக்கோஸ் பாத்தியை மிதித்ததாக எழுதியிருக்கிறேன்.

அடுத்த பெஞ்சில் கலிஸ்த் எழுதியிருந்தது, 'வான்கோழி இங்கேயே இருக்க வேண்டும்.' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த மாஸ்டர் பேனாவை மூடினார்.

"ரெண்டும் கட்டுரை இல்ல, சண்டை. கோபத்துல எழுதினா யாரும் நம்ம பக்கம் வர மாட்டாங்க. இந்த வகுப்புல எல்லாரும் அவங்கவங்க நினைப்புக்கு எதிர்ப்பக்கம் நின்னு எழுதுங்க. மூணு காரணம் வேணும்."

எல்லாரும் என்றால் நானும். நான் எதுக்கு அந்தப் பிசாசுக்கு வக்காலத்து வாங்கணும்? எதுக்குங்கிறேன்?

நவம்பர் 17

'வான்கோழி நல்லது, ஏனென்றால்.' காலையிலிருந்து அந்த வாக்கியம் அங்கேயே நிற்கிறது.

நவம்பர் 20, சனி

காரணம் வானத்திலிருந்து விழாது. நாற்காலியைப் பின்கட்டில் போட்டு, நோட்டுடன் உட்கார்ந்து கர்னலைக் கவனித்தேன். அதுவும் என்னைக் கவனித்தது. அது வேலிக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அரை மணி நேரத்தில் நான் எழுதியது: 'அதற்கு இரண்டு கால்கள் உள்ளன.'

கலிஸ்த் தலையை நீட்டினார். "என்ன டீச்சர், படம் வரையறீங்களா?"

"காரணம் தேடறேன்."

"கிடைச்சா சந்தோஷம். எனக்கு ஏற்கெனவே எட்டாயிடுச்சு. மூணு போதும்னு தெரியுது, ஆனா நிறுத்த முடியல." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண்கள் சிரிக்கவில்லை.

நவம்பர் 24, புதன்

முதல் காரணம் கிடைத்தது. கர்னல் புகுந்த பாத்தியில் இந்த வருஷம் ஒரு புழுகூட இல்லை. (இரண்டு முட்டைக்கோஸும் இல்லை. கட்டுரையில் அதைச் சொல்ல வேண்டியதில்லை. வாதம் என்றால் என்னவென்று கொஞ்சம் கொஞ்சமாகப் புரிகிறது.)

இரண்டாவது காரணம்: போன மாதம் சோப்பு விற்க வந்து வாசலை விட்டு நகராத ஆளை அதுதான் குன்றின் அடிவாரம்வரை வழியனுப்பியது.

மூன்றாவது? இல்லை. மாஸ்டரிடம் கெஞ்சினேன். "ரெண்டு காரணம் இருந்தா வெறும் பேச்சு டீச்சர், மூணு இருந்தாத்தான் கட்டுரை" என்கிறார். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

டிசம்பர் 1, புதன்

மத்தியானம் மழை. வகுப்பு முடிந்து வந்து குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனேன். வழக்கம்போலப் பாதித் தூரத்தில் பாவாடையைத் தூக்கிப் பிடித்து ஓடத் தயாரானேன். பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

கலிஸ்த் அதைக் கொட்டகையில் கட்டிப் போட்டிருக்கிறாராம். காயப்போட்ட பீன்ஸை அது தின்பது அவருடைய ஐந்தாவது காரணம். எழுதி முடித்துப் படித்ததும் அவருக்கே ஆத்திரம் வந்துவிட்டதாம்.

நிதானமாகத் தண்ணீர் பிடித்தேன். நிதானமாக நடந்து வந்தேன். வீட்டுக் கதவைத் திறந்தேன், யாரும் இல்லை. மகள் பூத்தாரேவில் படிக்கப் போய்ப் பத்து மாதமாகிறது; இதில் புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் பத்து மாதமும் நான் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறேன் என்று தெரிந்துவைத்துக்கொண்டு வழியில் நின்றது யார்?

சே. இது என்ன கூத்து.

எழுதிவிட்டேன். மூன்றாவது காரணம்: அது தினமும் எனக்காகக் காத்திருக்கிறது. கொத்துவதற்குத்தான். ஆனாலும் காத்திருக்கிறது.

டிசம்பர் 7, செவ்வாய்

தேறிவிட்டேன். ஆறாம் வகுப்பு எனக்குத்தான். மாஸ்டர் கட்டுரையைத் திருப்பித் தரும்போது சொன்னார்: "படிச்சு முடிச்சதும் எனக்கே ஒண்ணு வளர்க்கலாம்னு தோணிச்சு." ஓரத்தில் முப்பத்தொரு சிவப்புத் திருத்தங்கள் இருப்பது வேறு விஷயம்.

கலிஸ்தும் தேறிவிட்டார். அவரிடம் மாஸ்டர் சொன்னது: "உங்களோடத படிச்சிட்டு ராத்திரி ஜன்னல சாத்திட்டுப் படுத்தேன்."

டிசம்பர் 11, சனி

விசாரணை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

சிஸ்டரின் அறை. மேசையில் என் அக்டோபர் புகார். எப்படி வாபஸ் வாங்குவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தபடி போயிருந்தேன். வாயைத் திறப்பதற்குள் கலிஸ்த் எழுந்துவிட்டார்.

"சிஸ்டர், நேரத்த வீணாக்க வேணாம். அத அனுப்பிடலாம்."

"அனுப்பக் கூடாது" என்றேன்.

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "புகார் குடுத்தது யாரு?"

"நான்தான்."

"யார் மேல?"

"இவர் மேல."

"வான்கோழி யாரோடது?"

"என்னோடதுதான் சிஸ்டர்" என்றார் கலிஸ்த். "அது என்னென்ன பண்ணுதுன்னு எட்டுப் பாயிண்ட் வெச்சிருக்கேன்."

"எட்டும் தப்பு" என்றேன். "பீன்ஸ வாசல்ல காயப்போட்டது யாரு? அதுவா காயப்போட்டுச்சு?"

"டீச்சர், உங்க கால்ல தழும்பு இருக்கு."

"என் கால், என் தழும்பு. உங்களுக்கென்ன?"

அதற்கப்புறம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆங்கிலத்துக்குத் தாவினோம். அவர் 'இன் மை ஒபினியன்' என்றார். நான் 'ஆன் தி அதர் ஹேண்ட்' என்றேன். மாஸ்டர் கேட்டிருந்தால் கண் கலங்கியிருப்பார்.

சிஸ்டர் மேசையை ஒரு தட்டுத் தட்டினார். "உங்க ரெண்டு பேருக்கும் இங்கிலீஷ் தெரியாம இருந்தப்ப நான் நிம்மதியா இருந்தேன்." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "கலிஸ்த், உங்களுக்கு அது வேணாம். கோடான்ஸ், உங்களுக்கு வேணும். இதுக்கு எதுக்கு விசாரணை? இன்னிக்கே வேலிக்கு அந்தப் பக்கம் மாத்துங்க."

எனக்கு வேணும்னு நான் எங்க சொன்னேன்? அனுப்பக் கூடாதுன்னுதானே சொன்னேன்? ரெண்டும் ஒண்ணா?

சாயங்காலம் கலிஸ்த் கர்னலை அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து என் பின்கட்டில் இறக்கிவிட்டார். போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். அது திரும்பிப் பார்க்கவில்லை. நேராக என் முழங்காலுக்கு வந்தது.

டிசம்பர் 25

மகள் வந்திருக்கிறாள். விருந்துக்கு அதையா சமைக்கப் போகிறோம் என்று கேட்டாள். உட்காரவைத்து மூன்று காரணங்களையும் சொன்னேன். வாழைக்காயும் பீன்ஸும் சாப்பிட்டோம்.

ஜனவரி 10, 2011, திங்கள்

பள்ளி திறந்தது. பின்னங்கள், ஆங்கிலத்தில். ஒரு 'ப்ரெட்'டை நான்காக வெட்டுவதாகச் சொல்வதற்குப் பதிலாக ஒரு 'ஹெட்'டை, அதாவது தலையை, வெட்டுவதாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பிள்ளைகள் இவ்வளவு கவனமாகப் பின்னம் படித்து நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 5, சனி

காலையில் கலிஸ்த் ஒரு தாளோடு வந்தார். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே இருந்தார்.

"தப்பா நினைக்காதீங்க டீச்சர். விடியக்காலம் நாலரைக்கே உங்க வான்கோழி என் ஜன்னல்கிட்ட வந்து கத்துது. சிஸ்டர்கிட்ட குடுக்கலாம்னு இருக்கேன். உங்களுக்குத் தெரியாமக் குடுக்க மனசு வரல."

வாங்கிப் படித்தேன். ஆங்கிலத்தில் ஒரு முழுப் பக்கம். முதல் காரணம் சுமார். இரண்டாவது நன்றாக இருந்தது. மூன்றாவதில் இரவுத் தூக்கத்தைப் பற்றி எழுதியிருந்தது, உள்ளபடி சொன்னால், என்னையே அசைத்துவிட்டது. டீ போட்டுக் கொடுத்தேன். அப்போதுதான் உட்கார்ந்தார். சிவப்புப் பேனாவை எடுத்து ஏழு பிழைகளைத் திருத்தி, வினைச்சொற்களின் காலத்தைச் சரிசெய்து, சுத்தமாக ஒரு பிரதி எடுத்து சிஸ்டரிடம் தரச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.