மேல்விளிம்பில் எடுத்த சூரியன்

என் அருமை அக்கா,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கப்பலில் நீ கடைசியாக இருந்த செகண்ட் ஆபீசர் பதவியில் இப்போது நான் இருக்கிறேன். உனக்கு மட்டுமே முழுசாகப் புரியும் ஒரு சேதி இருக்கிறது.

போன பயணத்தில், நடுக்கடலில், ஜி.பி.எஸ். தாறுமாறாக இடம் காட்டத் தொடங்கியது. வடக்கே ஒரு பவளத்திட்டு. அதற்குத் தெற்கே ஒதுங்கிப் போக வேண்டும். சூரியனின் உயரத்தை அளக்கச் செக்ஸ்டன்டை எடுத்தேன். வழக்கமாகச் சூரியனின் கீழ்விளிம்பை அடிவானத்தில் தொடவைத்துத்தானே கோணம் எடுப்போம்? அன்றைக்கு அந்தப் பாதியை மேகம் மூடியிருந்தது. மேல்விளிம்பைத்தான் பிடிக்க முடிந்தது. கணக்குப் போட்டால், திட்டுக்குப் போதுமான அளவு தெற்கே இருக்கிறோம் என்று வந்தது. கேப்டனும் சரியென்றார்.

அப்போதுதான் குமாரபாளையத்தில், நம் தறியில் ஓடிய கருப்பு வெள்ளைக் கட்டத் துணி ஞாபகம் வந்தது. லீவில் வந்திருந்த நீ, எந்தக் கட்டம் பெரிசு என்று கேட்டாய். வெள்ளை என்றேன். இழை எண்ணினால் இரண்டும் ஒன்று.

"வெளிச்சமா இருக்கறது கண்ணுக்குக் கொஞ்சம் வீங்கித்தான் தெரியும் சாமி," என்றாய். "மேல்விளிம்புல எடுத்தா சூரியன் மேல வீங்கும், வெளிச்சமான வானம் அடிவானத்தக் கீழ அமுக்கும். கோணம் கூடிப்போகும். கீழ்விளிம்புன்னா சூரியனும் கீழதான் வீங்கும், ஒண்ணுக்கொண்ணு சரிக்கட்டிக்கும்."

சூரியன் எங்களுக்குத் தெற்கே நின்றது; தெற்கே போகப் போகக் கோணம் கூடும். கோணம் தப்பாகக் கூடினால், இருப்பதைவிடத் தெற்கே இருப்பதாகத்தான் கணக்கு வரும். அப்படியானால் திட்டுக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறோம். கேப்டனிடம் சொன்னேன். பிசகு ஒரு மைல் வருமா என்று கேட்டார். வரலாம் என்றேன். சற்று யோசித்துவிட்டுக் கப்பலைத் தெற்கே திருப்பச் சொன்னார்.

பிற்பகலில், வடக்கே அலை உடைவது வெள்ளையாகத் தெரிந்தது. என் முதல் கணக்கு சொன்னதைவிடக் கிட்டத்தில். திருப்பாமல் போயிருந்தாலும் தப்பித்திருப்போமோ? தெரியவில்லை அக்கா.

அம்மாவுக்கு நான் மறுபடி கடலுக்குப் போவதில் விருப்பமில்லை. உன்னைக் காய்ச்சல் கொண்டுபோனது ஊரில் வைத்துத்தான் என்றாலும் கேட்பதில்லை. ஒரு பிள்ளையாவது கண்ணெதிரே இருக்கட்டும் என்கிறாள். நேற்று இதையெல்லாம் அவளிடம் சொன்னேன்.

"அவ சொன்னதக் கேட்டு நடந்தியா சாமி?"

"நடந்தேம்மா."

"அப்பப் போய்ட்டு வா."

அடுத்த வாரம் கிளம்புகிறேன். எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் நீ முதலில் அம்மாவுக்குத்தான் போன் போடுவாய். இனி அதை நான் தவறவிட மாட்டேன்.

உன் கூடப்பிறந்த தம்பி,
செல்வம்