இரண்டு கதவு வைத்த அறை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான், அம்மா, தம்பி மூவரும் சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்பும் மனசும் தெம்பாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிவிடாதே, ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் அவளை நின்று மடிக்கும் வேலையிலிருந்து உட்கார்ந்து தைக்கும் வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள், கிழிந்த போர்வைகளையெல்லாம் தைத்துத் தள்ளுகிறாள். தையல் மிஷினுக்கு எண்ணெய் விடக்கூடத் தெரியாதவர்கள் என்று மேலாளர் வரைக்கும் எல்லோரையும் ஒரு பாட்டம் திட்டியும் முடித்தாயிற்று. எனக்கு ஒரு புது அடுக்குமாடியில் அறுபத்துநான்கு கதவு மாட்டும் வேலை. கட்டியவர் எந்தக் கண்ணால் பார்த்துக் கட்டினாரோ, ஒரு நிலையும் மட்டத்தில் இல்லை. இதையெல்லாம் ஃபோனிலேயே சொல்லலாமே என்பாய். சொல்ல வந்தது இது இல்லை, தம்பி விஷயம். அவனுக்குக் கொஞ்சம் அசதி, டாக்டரிடம் காட்டினோம் என்று அம்மா உன்னிடம் சொன்னாள் அல்லவா, அப்படிச் சொல்லச் சொன்னதே நான்தான். முழுக்கதை வேறு. அதை ஃபோனில் ஆரம்பித்தால் பாதியிலேயே பேச்சை மழை வெயில் பக்கம் திருப்பிவிடுவேன், என்னை உனக்குத் தெரியாதா. தம்பியிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அக்காவுக்கு எதையும் விடாமல் எழுதுங்க என்று அவனே சொல்லிவிட்டான்.

போன பருவத்தில் கணக்குத் தாளில் அவன் தேறவில்லை. எங்களிடம் சொல்லவில்லை. மறுபடி கல்லூரி திறந்த இரண்டாவது வாரத்திலிருந்து வகுப்புக்குப் போவதையே விட்டுவிட்டான். ஆனால் வீட்டிலிருந்து ஒரு நாள்கூடத் தவறாமல் கிளம்பினான். ஏழரைக்கு டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், பை, வாசலில் நின்று போய்ட்டு வரேன்மா, எல்லாம் வழக்கம்போல. பஸ்ஸில் ஏறி, கல்லூரி நிறுத்தம் வந்தால் இறங்காமல், கடைசி நிறுத்தம் வரை போய் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து, அடுத்த பஸ்ஸில் திரும்பி, மறுபடியும் போய், இப்படியே ஆறு வாரம். சாயங்காலம் வந்து இன்னிக்கு லேப்ல வேலை ஜாஸ்திப்பா என்பான். நானும் பையன் படிப்பில் மூழ்கிக் கிடக்கிறான் என்று பக்கத்து வீட்டு டிரைவரிடம் பெருமை அடித்துக்கொண்டேன். ஒரு கதவு அரை நூல் சாய்ந்திருந்தால் தெருவில் நின்றே சொல்லிவிடுகிறவன் நான், எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற பிள்ளை சாய்ந்துபோயிருப்பது தெரியவில்லை. யாருக்குத் தெரிந்தது என்று கேள். அவன் லேபில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி அடுக்கும் உதவியாளருக்கு. ஒரே ஒரு லேப் கோட்டு மட்டும் தொடர்ந்து மூன்று வாரம் ஆணியிலேயே தொங்குவதைப் பார்த்திருக்கிறார். அந்தக் கல்லூரியில் மாணவர் நலப் பிரிவு என்று ஒன்று உண்டு, நேராக அங்கே போய்ச் சொல்லிவிட்டார். அங்கே கவுன்சிலர்கள் மட்டும் இல்லை, கடைசி வருஷப் பிள்ளைகள் சிலரும் பயிற்சி எடுத்துக்கொண்டு உதவிக்கு இருக்கிறார்கள். அதில் ஒரு பெண், முகத்தில் பாதிக்குக் கண்ணாடி போட்டிருப்பாள், எல்லோருக்கும் அவள் கண்ணாடியக்கா. அவள்தான் தம்பிக்கு மெசேஜ் அனுப்பினாள். ஏன் வரவில்லை என்றோ, அட்டெண்டன்ஸ் போய்விடும் என்றோ ஒரு வார்த்தை கிடையாது. உன் கோட்டு தூசி படியுது, மடிச்சு வெச்சிருக்கேன், நாலு மணிக்கு கேன்டீன்ல டீ குடிப்பேன், தோணினா வா, அவ்வளவுதான். இவன் பதில் போடவில்லை. அடுத்த வாரமும் அதே மாதிரி ஒன்று. அதற்கடுத்த வாரம் இவன், எந்த கேன்டீன் என்று இரண்டே வார்த்தை போட்டிருக்கிறான். அந்தக் கல்லூரியில் இருப்பதே ஒரு கேன்டீன்தான், அங்கே ஒரு வருஷத்துக்கு மேல் சாப்பிட்டவன் இவன். அந்தப் பெண் சிரிக்காமல், கேலி செய்யாமல், பெரிய வாசலில் நுழைந்து இடது பக்கம் திரும்பு என்று வழி எழுதியிருக்கிறாள். இருபத்தொரு வயசுப் பிள்ளைக்கு அந்தப் பக்குவம் எங்கிருந்து வந்தது என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அன்றைக்கு அவனை டீ குடிக்க வைத்து, அடுத்த முறை கூடவே நடந்து போய்க் கவுன்சிலர் அறையில் விட்டுவிட்டு, வெளியே காத்திருந்தாளாம்.

இதெல்லாம் நடந்து முடியும்வரை எங்களுக்கு ஒரு துரும்பும் தெரியாது. பிள்ளை வயசு வந்தவன், அவன் சம்மதிக்காமல் வீட்டுக்கு ஒரு சொல்லும் போகாது என்பது அங்கே சட்டமாம். முதலில் கேட்டபோது எனக்கு ஆத்திரமாக வந்தது, பெற்றவனிடம் மறைக்க இவர்கள் யார் என்று. அந்த உறுதி இல்லாமல் இருந்திருந்தால் இவன் அங்கே வாயே திறந்திருக்க மாட்டான் என்று அம்மாதான் எனக்கு உறைக்கிற மாதிரி சொன்னாள். நான்கு தடவை கவுன்சிலரைப் பார்த்த பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது, வியாழக்கிழமை நீங்க ரெண்டு பேரும் காலேஜுக்கு வரணும் என்றான். ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டான், மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நான் இஸ்திரி போட்ட சட்டையோடு, கைகட்டி நிற்கத் தயாராகப் போனேன். போனால் அடையாள அட்டை கொடுக்கிற ஜன்னலுக்கும் ஜெராக்ஸ் எடுக்கிற இடத்துக்கும் நடுவில் ஒரு அறை. வரிசையில் நிற்கிற பிள்ளை எதற்காக நிற்கிறான் என்று யாராலும் சொல்ல முடியாது, அதற்காகவே அங்கே வைத்திருக்கிறார்களாம். அறைக்கு இரண்டு கதவு. உள்ளே வர ஒன்று, வெளியே போகப் பின்பக்கப் படிக்கட்டோடு இன்னொன்று. அழுதுவிட்டுப் போகிற பிள்ளை, காத்திருக்கிற பிள்ளையின் கண்ணில் பட வேண்டியதில்லை. முப்பது வருஷமாகக் கதவு மாட்டுகிறேன் மகளே, ஒரு கதவை எங்கே வைப்பது என்று இவ்வளவு யோசித்தவர்களை நான் பார்த்ததில்லை.

கவுன்சிலருக்கு நாற்பது வயசு இருக்கும், முன்னால் நர்ஸாக இருந்தவராம், சத்தமே போடாத பேச்சு. உட்கார்ந்ததும் நான் முந்திக்கொண்டு, எங்க வீட்டுல யாருக்கும் மனசுல அப்படியெல்லாம் எதுவும் கிடையாதுங்க என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. தம்பியைப் பார்த்து, நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா என்று கேட்டார். நானே சொல்றேன் என்றான். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவன் சொன்னான், “ஸ்டாப் வரும்பா. எல்லாரும் இறங்குவாங்க. என் கால் மட்டும் எழுந்திருக்காது.” பரீட்சைக் கூடத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டதையும், கேள்வித்தாளில் எழுத்தெல்லாம் நகர்ந்ததையும் சொன்னான். சாகணும்னு தோணியிருக்கா என்று முதல் நாளே கவுன்சிலர் நேராகக் கேட்டாராம். அப்படி இல்லை, காலையில் கண் விழிக்காமல் இருந்தால் நல்லா இருக்கும் என்று மட்டும் தோன்றும் என்றானாம். அம்மா அவன் முழங்கையைப் பிடித்தவள், நாங்கள் வெளியே வரும்வரை விடவே இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா என்று கேட்டேன். அப்போதுதான் அவன் என் முகத்தைப் பார்த்தான். “அக்காவுக்கு நீங்க செஞ்சதை நான் பார்த்தேன்பா” என்றான்.

கவுன்சிலர் ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். நீ கல்லூரிக்குப் போவதை நிறுத்தியபோது அவனுக்குப் பன்னிரண்டு வயசு, ஒரு மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிறான் என்றுதான் நான் நினைத்தேன், எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த அந்த மாதங்களில் சோம்பேறி என்று எத்தனை தடவை சொன்னேன் என்பது எனக்கே நினைவில்லை. போர்வையை உருவிவிட்டது நினைவிருக்கிறது. ஒரு மாதம் உன்னோடு பேசாமல் இருந்ததும் நினைவிருக்கிறது, பேசாமல் இருந்தால் புத்தி வரும் என்று நினைத்தேன். இன்னொன்றும் உண்டு, அதை இன்றைக்கு எழுதிவிடுகிறேன். உன் புத்தகப் பெட்டியைப் பழைய பேப்பர் கடையில் போட்டது அம்மா இல்லை, நான். அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் தூக்கிக்கொண்டு போனேன். நீ அவளைத்தான் கேட்டாய், அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, ஏழு வருஷமாக அந்தக் கோபத்தை அவளே வாங்கிக்கொண்டு நிற்கிறாள். இனிமேல் அதை என் பெயரில் மாற்றிக்கொள்.

தம்பி இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்பாய். ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை, போன வாரம்கூட ஒரு நாள் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே நிறுத்தத்தைத் தாண்டிவிட்டான், ஆனால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து போயிருக்கிறான். அந்த நலப் பிரிவில் ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விட்டுவிடுகிற பழக்கமே கிடையாது. இந்தப் பருவத்துக்கு மூன்று தாள் போதும், மீதியை அடுத்த வருஷம் எழுது என்று ஆசிரியர்களிடம் பேசி முடித்துக் கொடுத்தார்கள். பெரிய கூடத்துக்குப் பதிலாகப் பத்துப் பேர் உட்காரும் சின்ன அறையில் பரீட்சை. கல்லூரி டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து இரும்புச் சத்துக் குறைவு என்று மாத்திரை கொடுத்தார். கணக்குக்கு வாரம் இரண்டு நாள் உதவி மேசையில் ஒருவர் உட்கார்ந்து, கேட்ட சந்தேகத்தையே பத்துத் தடவை கேட்டாலும் முகம் சுளிக்காமல் சொல்லித் தருகிறாராம். எப்போது கூப்பிட்டாலும் எடுக்கிற ஒரு ஃபோன் நம்பரையும் கொடுத்து வைத்திருக்கிறார்கள், அதை அம்மா எழுதிச் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறாள். இவ்வளவு பேர் சேர்ந்து என் பிள்ளையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள், அவர்களில் ஒருவராவது இதைப் பெரிய காரியமாகச் சொல்லிக்கொண்டாரா என்றால் இல்லை. நன்றி சொல்லப் போனால் அந்த லேப் உதவியாளர், கோட்டைத் துவைச்சு எடுத்துட்டு வரச் சொல்லுங்க, கறையா இருக்கு என்று என்னை அனுப்பிவிட்டார்.

எனக்குத் தெரிந்தது ஒரு வேலைதானே. அந்த அறைக்குள் நுழைகிற கதவு ஸ்பிரிங் கெட்டு ஒவ்வொரு தடவையும் படாரென்று அறைந்துகொண்டிருந்தது, உள்ளே இருக்கிற பிள்ளை திடுக்கிடும். கேட்டுக்கொண்டு சனிக்கிழமை போய்ப் புது ஸ்பிரிங் போட்டு, நிலையைச் சுற்றி ஃபெல்ட் துணி ஒட்டினேன், பேச்சும் வெளியே கேட்காது. நான் வேலையில் இருக்கும்போது ஒரு மாணவி வந்து, பக்கத்தில் இருந்த அறிவிப்புப் பலகையின் முன்னால் நின்றாள். அங்கே ஒரு அலமாரியில் பிஸ்கட், சோப்பு, நாப்கின் எல்லாம் வைத்திருக்கிறார்கள், யாரையும் கேட்காமல் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், அதற்குத்தான் வந்தாளோ என்று நினைத்தேன். ஒன்றையும் எடுக்கவில்லை. கால்மணி நேரமாக ஒரே காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தாள், அது போன மாதம் முடிந்துபோன ஒரு விளையாட்டுப் போட்டிக்கான காகிதம். நான் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, “நான் கதவு பாக்க வந்தவன்மா. உள்ள நல்லவங்க இருக்காங்க. என் பையனும் இங்கதான் வரான்” என்றேன். அவள் என்னை ஒரு முறை பார்த்தாள், பிறகு உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் கதவு புதுசு மாதிரி சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. என் பையன் இங்கே வருகிறான் என்று நான் வெளி ஆளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. உன் பேரைச் சொல்லாமல் உன் கதையைச் சொல்லிவிட்டேன்டா என்று சாயங்காலம் தம்பியிடம் ஒப்புக்கொண்டேன், போகட்டும்பா, அந்தப் பொண்ணு உள்ள போனா இல்ல என்றான்.

கிளம்பும்போது கவுன்சிலரிடம், ஏழு வருஷத்துக்கு முன்னால் என் மகளுக்கும் இதேதான் இருந்திருக்குமா என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லியிருந்தால் எனக்கு அழக் காரணம் கிடைத்திருக்கும், இல்லை என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக வந்திருப்பேன். அவர் இரண்டையும் சொல்லவில்லை. “எனக்குத் தெரியாதுங்க. அவங்களைத்தான் கேக்கணும்” என்றார். நான் உன்னைக் கேட்டதே இல்லை மகளே. ஏன் போகவில்லை என்று கத்தினேன், அது கேள்வி இல்லை. தம்பிக்குக் கோட்டை மடித்து வைக்க ஒருத்தி இருந்தாள், வழி சொல்ல ஆள் இருந்தது, அறை இருந்தது. உனக்கு ஒருவரும் இல்லை, வீட்டில் நான் இருந்தேன், நான் இருந்ததுதான் கஷ்டம். அப்படியும் நீயாக எழுந்து, தெரியாத ஊருக்குப் போய், கிடங்கில் பெட்டிக்கு லேபிள் ஒட்டும் வேலையில் தொடங்கி, இன்று பதினோரு பேரை வைத்து வேலை வாங்குகிறாய். இந்த வீட்டில் எல்லோரையும்விட உறுதியானவளைத்தான் சோம்பேறி என்றிருக்கிறேன். படிப்பைத் தொடர வேண்டும் என்று சொல்ல இதை எழுதவில்லை, அது உன் இஷ்டம். வரும் ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அம்மா எடுக்கமாட்டாள், நான் எடுப்பேன். அந்த வருஷம் உனக்கு என்னம்மா ஆச்சு என்று கேட்பேன். நீ சொன்னால் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்வேன், ஒரு வாரமாக அம்மாவிடம் அதைப் பழகி வருகிறேன், இன்னும் முழுசாகக் கைவரவில்லை. சொல்ல மனசில்லை என்றால் சொல்லாதே, ஃபோனை வைத்துவிடாமல் மட்டும் இரு, நானும் சும்மா இருக்கிறேன்.

எந்த வேலையில் இருந்தாலும் எந்த ஊரில் இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், மனசில் பாரம் இல்லாமல் சிரித்த முகமாக இருக்க வேண்டும், அம்மாவும் நானும் வேண்டுவது அது ஒன்றுதான். உன் வாடகை வீட்டு வாசல் கதவின் மேல்தாழ் ஆடுகிறது என்றாயே, ஸ்க்ரூவை மட்டும் முறுக்கி வைக்காதே, தாழையே மாற்றச் சொல், மறந்துவிடாதே.

உன்னிடம் கேட்கக் காத்திருக்கும்,
அப்பா